வாட்ச் இருக்கும் பக்கம் இடது

என் அக்காவின் கணவருக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது. மூன்று தடவை தேர்வுக்குப் போனார், மூன்று தடவையும் தோற்றார். நான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன். இதுவரை தொள்ளாயிரம் பேர் என்னிடம் படித்துத் தேறியிருக்கிறார்கள். ஸ்டியரிங்கைத் தொட்டாலே கண்ணை மூடிக்கொள்ளும் ஒரு தையல்காரர்கூடத் தேறிவிட்டார். சொந்த அத்தானைத் தேறவைக்க முடியவில்லை. ஆகவே இதில் அங்கங்கே கொஞ்சம் கடுப்பு தெரிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவருக்கு இடது வலது தெரியாது. பிறவியில் இடக்கைக்காரர். ஒன்றாம் வகுப்பில் ஆசிரியர் ஸ்கேலால் தட்டித் தட்டி எழுதும் கையை மாற்றினார். அதைப் பார்த்து உற்சாகமான அவர் அப்பா, வீட்டில் சாப்பிடும் கையை மாற்றினார். சாவி, சுத்தியல், சீப்பு ஆகியவற்றை யாரும் கவனிக்காததால் அவை இடக்கையிலேயே தங்கிவிட்டன. "சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க" என்றால் எல்லாரும் வலது பக்கம் திரும்புவார்கள். அத்தான் நின்றுவிடுவார். "எந்த வயசுச் சோத்துக்கை?" என்று கேட்பார். கிண்டலுக்குக் கேட்பதில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பார்.

அவருக்கு இருந்த ஒரே சாட்சி கைக்கடிகாரம். கல்யாணத்தன்று அக்காவே இடது மணிக்கட்டில் கட்டிவிட்டு, "வாட்ச் இருக்கிற பக்கம் இடது, மறந்துடாதீங்க" என்று சொல்லியிருக்கிறாள். புதுப்பெண் கணவனிடம் முதலில் பேசிய வாக்கியம் அதுதான் என்று இன்றும் சொல்லிக்கொள்வாள். தேர்விலும் அத்தான் அதையே நம்பினார். அதிகாரி "இடது" என்பார். அத்தான் குனிந்து மணி பார்ப்பார். பிறகு திரும்புவார், சரியாகத்தான் திரும்புவார். மூன்றாவது தடவை அதிகாரி பொறுமையிழந்து, "உங்களுக்கு வேற எங்கயாவது அவசரமா போகணுமா?" என்று கேட்டார். அத்தான் யோசித்துவிட்டு, "ஆறு மணிக்கு பம்ப் போடணும்" என்றார்.

பம்ப் போடுவதுதான் அவர் வேலை. நகரத்துக்கு வெளியே கடலை ஒட்டிக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. ஊர் காலையில் கழுவி விடுவதெல்லாம் மதியத்துக்குள் அவரிடம் வந்து சேரும். எட்டுத் தொட்டிகள். முதல் தொட்டியைப் பற்றி நான் எழுதாமல் விடுவது எல்லாருக்கும் நல்லது. ஒவ்வொன்றிலும் தெளிந்து தெளிந்து எட்டாவதற்கு வரும்போது தண்ணீர் கிட்டத்தட்டத் தண்ணீராகவே இருக்கும். அந்தத் தொட்டிக்குக் கருங்கல் சரிவு. அதற்கு அப்பால் கடல். முறை வைத்து வால்வைத் திறப்பது, மூடுவது, நீர்மட்டத்தை நோட்டில் எழுதுவது, இவ்வளவுதான் முப்பது வருஷம்.

மனிதர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற அந்த இடம் பறவைகளுக்குச் சொர்க்கம். ஆலாக்கள், கடற்காகங்கள், உள்ளான்களில் எத்தனையோ வகை. குளிர்காலம் தொடங்கினால் உலகத்தின் உச்சியிலிருந்து கடல் கடந்து வந்து எட்டாம் தொட்டியில் இறங்கும். அவற்றைப் பார்க்க பீரங்கி மாதிரி லென்ஸ்களைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். வந்தவர்கள் எல்லாரும் அத்தானிடம்தான் விவரம் கேட்பார்கள். பெயர் தெரியாததால் அவருக்கே "எட்டாம் தொட்டி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். "எட்டாம் தொட்டி இன்னைக்கு லீவா?" என்று யாராவது கேட்டால் பறவைக்காரர் என்று அர்த்தம்.

அத்தான் முதலில் பறவைகளைப் பணிப்பதிவு நோட்டின் 'குறிப்பு' கட்டத்தில் எழுதி வந்தார். 'நீர்மட்டம் நாலு அடி. பம்ப் சரி. ஆலா அறுபது.' இன்ஜினியர் ஒருநாள் அதைப் படித்துவிட்டு, அறுபது ஆலாவை அகற்ற என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று விளக்கம் கேட்டார். அதன்பிறகு தனி நோட்டு வாங்கினார். பழைய பைனாகுலர் ஒன்றை யாரோ கொடுத்தார்கள். கழற்றிப் போட்ட கதவுகளை நிறுத்தி, தொட்டியைப் பார்த்தபடி ஒரு கொட்டகையும் கட்டிக்கொண்டார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு குளிர்காலத்தில் கல்திருப்பி ஒன்று வந்தது. புறா அளவுகூட இல்லாத கரைப்பறவை. பெயருக்கேற்ப, இருக்கிற கல்லையெல்லாம் அலகால் புரட்டிப் பார்த்து அடியில் இருப்பதைத் தின்னும். இது சரிவில் மூன்றாவது கல்லில் ஏறி நின்று மற்றக் கற்களை ஒருமுறை நோட்டம் விட்டுவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கும். கட்டட வேலைக்கு வந்த மேஸ்திரி போல இருந்ததால் அத்தான் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தார். மேஸ்திரியின் இரண்டு கால்களிலும் பிளாஸ்டிக் வளையங்கள் இருந்தன.

பறவையைப் பிடித்து, காலில் நிற வளையம் போட்டுப் பறக்க விடுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்தக் காலில் எந்த நிறம் என்பதுதான் பறவையின் முகவரி. எங்கேயோ ஒருவர் அதைப் பார்த்து எழுதிப்போட்டால், அந்தப் பறவை எங்கே பிறந்தது, எங்கெல்லாம் போனது என்று பதில் வரும். ஆகவே பார்க்கிறவருக்கு முக்கியமாகத் தெரிந்திருக்க வேண்டியது இடது வலது. அத்தான் இத்தனை பொழுதுபோக்குகளை விட்டுவிட்டு இதில் போய் விழுந்தார்.

ஆனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். பறவை நம்மைப் பார்த்து நின்றால் அதன் இடது நமக்கு வலது பக்கம் வரும். நமக்கே தலை சுற்றும், அத்தானைக் கேட்க வேண்டாம். அவர் கொட்டகையின் ஜன்னல் கட்டையில், சிவப்பு வளையம் தெரிகிற பக்கம் ஒரு சிவப்பு பாட்டில் மூடியை வைப்பார், மஞ்சள் தெரிகிற பக்கம் மஞ்சள் மூடி. பிறகு பறவைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பறவை பார்க்கிற திசையையே தானும் பார்த்து நிற்பார். இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய் மூடிகளின் மேல் வைப்பார். வாட்ச் கட்டிய கைக்கு அடியில் எந்த மூடியோ அது இடது கால் நிறம். உலகமெங்கும் பறவைக்காரர்கள் பறவையைப் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். அத்தான் பறவைக்கு முதுகைக் காட்டிப் பதிவு செய்தார்.

'இடது மஞ்சள், வலது சிவப்பு' என்று எழுதிப்போட்டார். வடகோடியில் ஒரு தீவிலிருந்து பதில் வந்தது. எழுதியவர் ஒரு பெண்மணி, நம் பக்கத்தில் பிறந்து அங்கே குடியேறியவர், தமிழிலேயே எழுதியிருந்தார். அவரும் அவர் கணவரும் முப்பது கோடைகாலங்கள் அந்தத் தீவில் பறவைகளுக்கு வளையம் போட்டவர்கள். எங்கள் அக்கா அவருக்கு வளையல்கார அம்மா என்று பெயர் வைத்தாள். ஆறு குளிர்காலம் மேஸ்திரி வந்தது, ஆறு கடிதம் போனது, ஆறு பதில் வந்தது.

ஏழாவது குளிர்காலத்தில் மேஸ்திரி வரவில்லை. அதே மாதிரி இன்னொரு கல்திருப்பி வந்தது. இடது சிவப்பு, வலது மஞ்சள். அத்தானின் நோட்டில் அந்த நாளின் பக்கத்தை நான் பிறகு பார்த்தேன். 'மேஸ்திரி வரவில்லை. வருத்தம். புதியவர் ஒருவர் வந்திருக்கிறார். வந்த அன்றே மூன்றாவது கல்லில் ஏறி நிற்கிறார். மரியாதை தெரியாதவர்.' இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள். வீட்டில் யாரோ போனது போல உட்கார்ந்திருந்தாராம். பிறகு புதியவருக்குச் சின்ன மேஸ்திரி என்று பெயர் வைத்து மனதைத் தேற்றிக்கொண்டார்.

புதியவரைப் பற்றி அத்தான் எழுதிப்போட்டதற்கு வளையல்கார அம்மாவிடமிருந்து வந்த பதில் நீளமானது. அந்த மேஸ்திரியும் இந்தச் சின்ன மேஸ்திரியும் ஒரே கூட்டில் பிடித்த ஜோடி. ஒரே காலையில் இரண்டுக்கும் வளையம் போட்டார்கள். இடது மஞ்சளுக்கு அவர் போட்டார், இடது சிவப்புக்குக் கணவர் போட்டார். கணவர் கடைசியாக வளையம் போட்ட பறவை அதுதான். வளையம் போட்ட அதே வருஷக் குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார். பறவையையும் அதற்குப் பிறகு எங்கேயும் யாரும் பார்க்கவில்லை. 'அது உயிரோடு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இரண்டு தடவை படித்தேன். நன்றி' என்று முடித்திருந்தார். அதன்பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் அவரே முந்திக்கொண்டு கேட்பார், வந்துவிட்டதா என்று. அத்தான் வந்துவிட்டது என்று எழுதுவார்.

இந்த வருஷம் அவரே வருவதாக எழுதினார். முட்டி அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, ஒரு பயணம் தாங்கும், அந்தப் பறவையை ஒருமுறை பார்க்க வேண்டும். எங்கள் வீடு தலைகீழானது. அக்கா திரைச்சீலை மாற்றினாள். அத்தான் கொட்டகைக்கு வெள்ளையடித்தார். ரயிலடியிலிருந்து அழைத்து வரும் பொறுப்பு என்னுடையது.

முந்தின நாள் மதியம் நிலையத்துக்குப் போகும் புது வழியை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று அத்தானைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். அவர்தான் வழி சொன்னார்.

"அந்த டயர் கடையில இடது மச்சான்."

திரும்பினேன். ஒரு முள்வேலியில் போய் முடிந்தது. பின்னால் எடுத்து வந்தேன்.

"நான் இடதுன்னு சொன்னேனே. நீ ஏன் இந்தப் பக்கம் வந்தே?"

"அத்தான், இதுதான் இடது. தொள்ளாயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன்."

"வாட்ச் இருக்கிற பக்கம்தானே இடது?" என்று கையைத் தூக்கிக் காட்டினார். வாட்ச் வலது கையில் இருந்தது.

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். "எப்பலேருந்து வாட்ச் இந்தக் கையில?"

அத்தான் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறு வருஷத்துக்கு முன்பு, மழைக்காலத்தில், ஒரு வால்வுச் சக்கரம் சுழன்று அவர் இடது மணிக்கட்டை உடைத்தது. இரண்டு மாதம் மாவுக்கட்டு. வாட்ச் வலது கைக்குப் போனது. கட்டுப் பிரித்த பிறகும் எலும்பு புடைத்திருந்ததால் பட்டை உறுத்தியது, அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். தினசரி வாழ்க்கையில் இடது வலது யாருக்குத் தேவைப்படுகிறது? அரசியல்வாதிகளுக்கும் எனக்கும்தான். மற்றவர்கள் கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போகிறார்கள். ஆறு வருஷமாக அவருக்கு இடது வலதாகவும் வலது இடதாகவும் இருந்திருக்கிறது, அதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, வளையம் போட்ட பறவைகளைத் தவிர. நடுவில் வேறு இடங்களிலிருந்து, 'நீங்கள் குறிப்பிடும் வளையம் எங்களிடம் இல்லை' என்று நாலு கடிதம் வந்திருந்ததாம். அவர்கள் பதிவேடு ஒழுங்காக வைப்பதில்லை போலிருக்கிறது என்று அத்தான் நினைத்திருக்கிறார்.

நேரே கொட்டகைக்குப் போனோம். மூன்றாவது கல்லில் சின்ன மேஸ்திரி நின்றுகொண்டிருந்தது. பைனாகுலரை என்னிடம் கொடுத்தார். எனக்குப் பறவை தெரியாது, ஆனால் இடது வலது தெரியும்.

"இடது மஞ்சள், வலது சிவப்பு" என்றேன்.

"நல்லா பாரு."

"எத்தனை தடவை பாத்தாலும் அதேதான்."

அத்தான் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அப்ப இது மேஸ்திரிதானா? அவரு சாகவே இல்லையா?" என்றார். அழுதார். எனக்குத் தெரிந்து அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அவ்வளவு சந்தோஷம். பன்னிரண்டு வருஷமாக ஒரே பறவை, ஒரே கல், ஒரு குளிர்காலம்கூட விட்டுப்போகாமல் வந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அவர் முகம் மாறியது. "அப்ப அந்தம்மாவோட வீட்டுக்காரரு போட்டது?" என்றார்.

அதை யாரும் பார்க்கவே இல்லை. வளையம் போட்ட காலையோடு சரி.

வீட்டில் அக்கா கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். "ஆறு வருஷமா அந்த அம்மா அதை நம்பிக்கிட்டு இருக்காங்க. இத்தனை தூரம் வந்து இதைக் கேக்கணுமா?"

"சொல்லலைன்னா அவங்களே பாத்துடுவாங்க. முப்பது வருஷம் வளையம் போட்டவங்க" என்றார் அத்தான்.

அப்போது ஒரு யோசனை சொன்னவன் நான். அதை மறைக்க விரும்பவில்லை. "ஏழாம் தொட்டி வால்வைத் திறந்து விடுங்க. எட்டுல தண்ணி ஏறும், கல்லெல்லாம் முங்கிடும். பறவை வேற எங்கயாவது போயிடும். இன்னைக்குக் கண்ணுல படலைன்னு சொல்லிடலாம். வந்தவங்க நிம்மதியா திரும்பிப் போகட்டும்."

அக்கா, "இவனுக்குக்கூட மூளை இருக்கு" என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அத்தான் விடிவதற்கு முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

வளையல்கார அம்மா குள்ளமாக, கைத்தடியோடு, தன் டெலஸ்கோப்பைத் தானே தூக்கிக்கொண்டு ரயிலிலிருந்து இறங்கினார். நான் வாங்கப் போனபோது தரவில்லை. வண்டியில் பேச்சே பறவை பற்றித்தான். "மூணாவது கல்லாமே? அவரும் அப்படித்தான், எங்க போனாலும் ஒரே நாற்காலி" என்றார். நிலையத்தின் கேட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக எட்டாம் தொட்டியைப் பார்த்தேன். கற்கள் காய்ந்து கிடந்தன.

அத்தான் துவைத்த சீருடையில் கொட்டகை வாசலில் நின்றார். நான் பக்கத்தில் போய், "ஏன் திறக்கல?" என்று முணுமுணுத்தேன்.

"இன்னைக்கு ஏழாம் தொட்டிக்கு முறை இல்ல" என்றார்.

வளையல்கார அம்மா டெலஸ்கோப்பை நிறுத்துவதற்கு முன்பே அத்தான் அவர் முன்னால் போய் நின்று, இரண்டு கைகளையும் நீட்டினார். வாட்ச் இல்லாத இரண்டு கைகள். "அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்தார். ஸ்கேல் அடித்த ஆசிரியரிலிருந்து தொடங்கி வால்வுச் சக்கரம், மாவுக்கட்டு, பாட்டில் மூடி என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அவசியமில்லாமல் அவர் மூன்று தடவை தேர்வில் தோற்றதையும் சொன்னார். கடைசியில், "இங்க இருக்கிறது நீங்க போட்டது. உங்க வீட்டுக்காரர் போட்டதை நான் பாத்ததே இல்ல. மன்னிச்சிடுங்க" என்றார்.

அந்த அம்மா டெலஸ்கோப்பை நிறுத்தினார். குனிந்து பார்த்தார். அவருக்கு மூடியும் வேண்டியிருக்கவில்லை, திரும்பி நிற்கவும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒரு நொடியில் பார்க்க வேண்டியதை வெகுநேரம் பார்த்தார். மேஸ்திரி ஒரு கல்லைப் புரட்டியது, ஒன்றும் இல்லை, அடுத்த கல்லுக்குப் போனது.

"ஆமா, நான் போட்டதுதான்" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "அவர் வளையத்தை இறுக்கவே மாட்டார். பறவைக்கு வலிக்கும்பார். கழண்டு விழுந்துடும்னு முப்பது வருஷம் சொன்னேன். கேட்டாத்தானே."

அத்தான் அதைப் பிடித்துக்கொண்டார். "அப்ப கழண்டு விழுந்திருக்கும்மா. பறவை எங்கயாவது இருக்கலாம்."

"இருக்கலாம்னு பதிவேட்ல எழுத முடியாது" என்றார் அவர்.

பையிலிருந்து பதிவேட்டை எடுத்து ஜன்னல் கட்டையில் விரித்தார். உறை கிழிந்து ஒட்டுப் போட்ட பெரிய புத்தகம். அத்தானின் நோட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார். இடது சிவப்பு, வலது மஞ்சள் என்ற வரிசையில் ஆறு குளிர்காலங்கள் வரிசையாக எழுதியிருந்தன. ஒவ்வொன்றாக ஸ்கேல் வைத்து அடித்தார். அதே தேதிகளை மேல் வரிசையில், இடது மஞ்சளுக்கு எழுதினார். மேஸ்திரியின் வரிசை பன்னிரண்டு வருஷமும் விடாமல் நிறைந்தது. கீழ் வரிசையில் ஒரு தேதி மட்டும் மிஞ்சியது, அந்தக் காலையின் தேதி. அது வேறு கையெழுத்தில், சாய்வாக இருந்தது.

பிறகு அத்தானின் நோட்டைத் திருத்த ஆரம்பித்தார். 'மேஸ்திரி வரவில்லை' என்ற பக்கத்துக்கு வந்து நின்றார்.

"இங்க 'வருத்தம்'னு போட்டிருக்கீங்க."

"ஆமாம்மா. அப்ப அப்படித்தான் இருந்துச்சு."

"இவன் உயிரோட இருக்கான். இவன் பேர்ல இது இருக்கக் கூடாது." ஸ்கேலை வைத்து அந்த வார்த்தையை நேராக அடித்தார். பேனாவை மூடவில்லை. "உங்க வார்த்தைதான். நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்.

"எடுத்துக்குங்க" என்றார் அத்தான்.

தன் பதிவேட்டைத் திரும்ப இழுத்து, கீழ் வரிசையில், கணவரின் சாய்ந்த எழுத்துக்குப் பக்கத்தில், அதை எழுதினார். பன்னிரண்டு வருஷம் கழித்து. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், போட்டுக்கொண்டார், மறுபடி டெலஸ்கோப்பில் குனிந்தார். அத்தான் சட்டைப்பையிலிருந்து வாட்சை எடுத்தார். இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு அதை என்னிடம் நீட்டி, "நீயே கட்டிவிடு மச்சான்" என்றார்.